கட்டி சரி... பக்கத்துத் திசு?

மூளைக்குள் 'விதை' வைப்பார்கள் என்றால் ஆச்சரியமாக இருக்கிறதா? அரிசி மணியைவிடச் சின்னது அது. உள்ளே கதிரியக்க அயோடின்-125. கட்டிக்குள்ளேயோ, கட்டியை எடுத்த குழியின் ஓரத்திலேயோ வைப்பார்கள். பெயர் ப்ராக்கிதெரபி. வெளியிலிருந்து பாய்ச்சும் ரேடியேஷன் நல்ல மூளையைக் கடந்துதான் கட்டிக்குப் போக வேண்டும். இதில் அந்தத் தொல்லை இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் வீரியம் ஏறக்குறைய கால் பங்காகிவிடும்.

சரி, தள்ளியிருக்கும் திசு தப்பித்தது. ஒட்டியிருக்கும் நல்ல திசு? கட்டிக்கும் அதற்கும் நடுவே சுவரா இருக்கிறது! அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதாகும். நீர் கோத்து வீங்கும். சிலருக்கு அந்த இடம் செத்தே போகும். 'ரேடியேஷன் நெக்ரோசிஸ்' என்பது இதுதான். உடனே தெரியாது. சில மாதமோ, ஒரு வருஷம் இரண்டு வருஷமோ கழித்து தலைவலி, மறதி, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி என்று தலைகாட்டும்.

"ஐயோ, கட்டி திரும்ப வந்துடுச்சு!" என்று வீடே இடிந்துபோகும். எம்.ஆர்.ஐ.யும் சட்டென்று காட்டிக்கொடுக்காது. அதில் இரண்டுக்கும் ஒரே ஜாடை. ஆனால் வைத்தியம் வேறு. செத்த திசுதான் என்றால் ஸ்டீராய்டிலேயே வீக்கம் வற்றலாம். பெவாசிஸுமாப் ஊசி இருக்கிறது. சிலருக்கு ஆபரேஷன் தேவைப்படும். ஆகவே, 'இனிமே என்ன இருக்கு' என்று நோயாளியை மூலையில் படுக்க வைத்துவிடாதீர்கள். பெட் ஸ்கேனோ பயாப்ஸியோ தேவையா என்று கேளுங்கள். (ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து!)

'எதுக்குப் பயமுறுத்தணும்' என்று டாக்டர் இதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஏனென்றால் லாபமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. வேகமாகப் பரவும் மூளைப் புற்றில், வழக்கமான சிகிச்சையோடு அயோடின் விதையும் வைத்துப் பார்த்தார்கள். 1998-ல் வெளியான கனடா ஆய்விலும் சரி, 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்விலும் சரி, ஆயுள் சொல்லும்படியாகக் கூடவில்லை. அயோடினின் வீரியம் பாதியாக 60 நாள் ஆகும். 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புது முறையில் சீசியம்-131. பத்தே நாளில் பாதியாகிவிடும். விதை மூளையை நேராகத் தொடாமல் கொலாஜன் வில்லையில் பதித்தும் வைக்கிறார்கள். முன்னேற்றம்தான். அதற்காகக் கேள்வியை விட்டுவிடலாமா?

இந்தக் கட்டிக்கு இதனால் என்ன பலன், பக்கத்தில் பேச்சுக்கான இடமா, கை காலுக்கான இடமா, சந்தேகம் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று முன்னாலேயே கேளுங்கள். எந்தத் தேதி, எந்த விதை, எத்தனை, எந்தப் பக்கம் என்பதையும் எழுதி வாங்கி ஃபைலில் வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் பார்க்க நேர்ந்தால், அவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.