வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையை விரட்டத்தான் வேண்டுமா?

‘வயித்துப்புள்ளக்காரி இருக்கிற வீட்டுல பூனை எதுக்கு? எங்கயாவது கொண்டு போய் விட்டுட்டு வா!’ பூனை வளர்க்கும் வீட்டில் கர்ப்பம் உறுதியானதும் பெரியவர்கள் சொல்கிற பேச்சு இது. வயலும் மலையடிவாரமும் சூழ்ந்த மணிமுத்தாறு மாதிரி ஊர்களில் பூனை வெறும் செல்லம் இல்லை. எலிக்குக் காவலும் அதுதான். விரட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பயம் எதனால்?

காரணம், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. கர்ப்ப காலத்தில் முதல்முறையாகத் தொற்றினால் கருச்சிதைவு ஏற்படலாம். குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். எனவே பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், பூனையைத் தடவிக் கொடுப்பதால் வருகிற நோய் இல்லை இது.

தொற்றுள்ள எலியையோ பச்சை இறைச்சியையோ தின்ற பூனையின் மலத்தில்தான் இந்தக் கிருமி வெளியேறும். அதுவும் பொதுவாக முதல் தொற்றின்போது, சில வாரங்கள் மட்டுமே. வெளியே வந்த பிறகும் அது தொற்றும் நிலையை அடைய 1 முதல் 5 நாட்கள் ஆகும். மலத்தட்டைத் தினமும் சுத்தம் செய்யச் சொல்வது இதனால்தான்.

ஆனால், வெளியே சுற்றி எலி பிடிக்கும் பூனை தோட்டத்து மண்ணில்தான் மலம் கழிக்கும். அந்த மண்ணில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பூனையே இல்லாத வீட்டிலும் சரியாகக் கழுவாத கீரை, அரைவேக்காட்டு இறைச்சி வழியாக இது வரலாம்.

என்ன செய்யலாம்?

* பூனை மலத்தை அள்ளும் வேலையைக் கணவரோ வீட்டில் வேறு யாரோ எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு ஆளே இல்லையென்றால் கையுறை போட்டுச் செய்து, சோப்பால் கை கழுவ வேண்டும்.
* தோட்ட வேலைக்கும் கையுறை அவசியம். கீரை, காய்கறிகளை நன்றாக அலச வேண்டும். கறியை முழுக்க வேகவைக்க வேண்டும்.
* பூனைக்குப் பச்சை இறைச்சி வேண்டாம். புதிதாகக் குட்டி எடுத்து வளர்ப்பதைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மற்ற செல்லங்கள்?

ஹாம்ஸ்டர், வெள்ளை எலி போன்றவை எல்.சி.எம். என்ற வைரஸைச் சுமக்கலாம். அதுவும் கருவைப் பாதிக்கக்கூடியது. கூண்டைத் தனி அறைக்கு மாற்றி, பராமரிப்பை வேறொருவரிடம் விடுவதே நல்லது. வீட்டு எலிகளிடமும் இதே வைரஸ் உண்டு. எலிக்காய்ச்சலும் அவற்றின் சிறுநீரால் பரவுகிறது. பூனையை விரட்டி எலியை வரவழைத்தால் என்ன லாபம்?

லவ் பேர்ட்ஸ் கூண்டில் காய்ந்த எச்சத்தைத் தூசி பறக்கக் கூட்டக் கூடாது; நனைத்துவிட்டு வேறு யாராவது துடைக்கலாம். தொட்டியில் வளர்க்கும் ஆமைகளிடம் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கலாம் என்பதால் கர்ப்பிணிகள் தொடாமல் இருப்பது நல்லது. பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வளர்ப்பதே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி குற்றம்.

கடித்துவிட்டால்?

நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ‘மாசமா இருக்கும்போது ஊசி வேண்டாம்’ என்று தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. ரேபிஸ் தடுப்பூசியைக் கர்ப்பிணிகள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் செல்லப்பிராணி இருப்பதை முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ரத்தப் பரிசோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல் போன்றவை வந்தால் தாமதிக்காமல் காட்ட வேண்டும். சந்தேகம் கேட்க, 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது.

பூனையை அணைப் பக்கம் கொண்டு போய் விடுவது தீர்வே இல்லை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி அது. கைவிடப்பட்ட பூனை அங்குள்ள பறவைகளையும் சிற்றுயிர்களையும் வேட்டையாடும். பூனை வீட்டிலேயே இருக்கட்டும். அந்த மலத்தட்டை மட்டும் பத்து மாதத்துக்கு வேறொருவர் கையில் எடுக்கட்டும். அப்பாவாகப் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை!