நெடுநாள் விருந்து

இவ்வாண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு யாதேனும் ஒரு பொருள்பற்றி எழுதித் தருமாறு பத்திராசிரியர் பணித்தபோது, கல்வியின் பயன், தேச சேவை, ஒழுக்கத்தின் மேன்மை முதலிய பொருள்களே முதற்கண் நம் நினைவிற்கு வந்தன. அவற்றைப்பற்றி ஆண்டுதோறும் நம்மினும் வல்லார் எழுதிவருகின்றனர். ஆகலின், எல்லார் வீட்டிலும் நிகழ்வதும், எல்லாரும் மறைவில் பேசுவதும், ஆயின் ஒருவரும் வெளிப்பட எழுதாததுமாகிய ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளத் துணிந்தோம். மனைவியின் பெற்றோரோ கணவனின் பெற்றோரோ நம் இல்லத்திற்கு வந்து மாதக்கணக்கில் தங்குங்கால் நாம் நடந்துகொள்ளவேண்டிய முறைமையே அது. மணமாகாத மாணாக்கர் இதனைக் கண்டு நகைப்பாராயின் நகைக்கட்டும். சில ஆண்டுகள் சென்றபின் அவர்கள் பழைய மலர்களைத் தேடியெடுப்பார்கள் என்பது நமது நம்பிக்கை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் நாட்டுப் பழமொழி. இக்கருத்து நமக்கு மட்டும் உரியதன்று. ஆதித் திருச்சபையார் கைக்கொண்ட ஒழுங்குகளைக் கூறும் ‘டிடாக்கே’ என்னும் சிறு நூல் 1883-ஆம் ஆண்டு அச்சேறி வெளிப்பட்டது. வழிப்போக்கனாய் வருபவன் இரண்டு நாள், வேண்டுமாயின் மூன்று நாள், அதற்குமேல் தங்கலாகாது என்று அந்நூலும் விதிக்கின்றது. ஆயினும், இவ்விதிகள் யாவும் அயலாரைக் குறித்தன. மாமனார் மாமியாரை அயலார் என்று எவரும் துணிந்து சொல்லமாட்டார்; நம்மவரே என்று முழுமனத்தோடு சொல்லவும் பலருக்கு நா எழுவதில்லை. இவ்விரண்டிற்கும் நடுவே அவர்கள் நிற்பதே தொல்லைக்கெல்லாம் மூலம்.

நம் முன்னோர்க்கு இத்தொல்லை இவ்வளவு இருந்ததில்லை. தமிழில் ‘மாமன்’ என்னும் சொல் தாயின் உடன்பிறந்தானையும் குறிக்கும், மனைவியின் தந்தையையும் குறிக்கும். ‘அத்தை’ என்பதும் அத்தகையதே. இஃது சொல்வறுமையால் நேர்ந்ததன்று. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணப்பது வழக்கமாயிருந்த குடும்பங்களில் இரண்டு உறவும் ஒருவரிடத்திலேயே கூடிநின்றன. தன்னைத் தோள்மேல் சுமந்து திருவிழாக் காட்டிய மாமனே பின்னர் மாமனாராய் வந்து திண்ணையில் உட்கார்ந்தான். அவனது கோபமும் அவனுக்குப் பிடித்த குழம்பும் மருமகன் சிறுவயது முதல் அறிந்தவை. இக்காலத்திலோ, ஒரு ஜில்லாவிற் பிறந்தவர் மற்றொரு ஜில்லாவிற் பெண் கொள்கின்றனர். கல்லூரியிலும் அலுவலகத்திலும் கண்டு மணம் புரிவாரும் உளர். நாம் இதனைக் குறைகூறவில்லை. ஆனால் மாமா, அத்தை என்னும் சொற்கள் அப்படியே நிற்க, அச்சொற்களுக்கு அடியில் இருந்த இருபதாண்டுப் பழக்கம் மட்டும் இல்லாதொழிந்தது. முன்பின் அறியாத ஒருவரை நாம் ‘அத்தை’ என்று அழைக்கின்றோம்; அழைத்த அளவிலே பழக்கமும் உண்டாகிவிடும் என்று எதிர்பார்க்கின்றோம்.

வீடும் மாறிற்று. பழைய வீட்டிலே திண்ணை உண்டு, தாழ்வாரம் உண்டு, முற்றம் உண்டு, கொல்லைப்புறம் உண்டு. வந்த பெரியவர் காலையில் திண்ணையில் அமர்ந்தால் தெருவே அவரிடம் வந்து பேசும். மருமகளோடு மனத்தாங்கல் நேர்ந்தாலும் ஒருவர் கொல்லையிலும் ஒருவர் அடுக்களையிலுமாகப் பொழுது கழியும். இக்காலத்து அடுக்குமாடிக் குடியிருப்பிலோ இரண்டு அறையும் ஒரு கூடமுமே உள்ளன. நான்கு பேர் ஆறு பேராயினால், ஒருவர் இருமுவது எல்லார்க்கும் கேட்கும். ஒருவர் பெருமூச்சு விடுவதும் கேட்கும்.

வேதாகமத்தை வாசிப்போர் இவ்விஷயத்தில் அது மௌனமாயில்லை என்பதை அறிவர். யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரத்தில் மோசேயின் மாமனாகிய எத்திரோ, மகளையும் பேரப்பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு மருமகனிடம் வருகின்றார். மருமகன் எதிர்கொண்டு வணங்குகின்றான், நலம் விசாரிக்கின்றனர், கூடி உண்கின்றனர். மறுநாள் மோசே காலை முதல் மாலை வரை தனியனாய் உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பதை மாமனார் காண்கின்றார். ஒரு நாள் முழுதும் பார்த்தபின்னரே வாய்திறந்து, பாரத்தைப் பிறரோடு பகிர்ந்துகொள் என்று ஒரு யோசனை சொல்கின்றார். மருமகன் அதனை ஏற்கின்றான். பின்னர் மாமனார் தம் தேசத்திற்குத் திரும்பிப் போகின்றார். வந்த முதல் நாழிகையிலேயே ஒன்பது யோசனை சொல்லும் மாமனார்களும், சொன்னது நல்லதாயினும் சொன்னவர் மாமனார் என்பதற்காகவே தள்ளும் மருமகன்மாரும் இவ்வதிகாரத்தை ஒருமுறை படிப்பது நன்று.

இதற்கு நேர்மாறானது நியாயாதிபதிகள் ஆகமத்தின் பத்தொன்பதாம் அதிகாரம். பெத்லகேமிலுள்ள மாமன் வீட்டிற்கு ஒரு லேவியன் வருகின்றான். மூன்று நாள் தங்குகின்றான். நான்காம் நாள் புறப்பட எழுந்தவனை மாமன் உபசரித்து நிறுத்துகின்றான். ஐந்தாம் நாளும் அங்ஙனமே. தட்டமாட்டாமல் இருந்திருந்து, பொழுது சாயும் வேளையில் அவன் புறப்பட்டதனால் இரவில் கிபியாவிலே தங்கும்படி நேர்ந்தது. அன்றிரவு அங்கு நிகழ்ந்த கொடுமையை எழுத நாம் விரும்பவில்லை. அந்த மாமனிடத்தில் வஞ்சகம் ஒன்றுமில்லை, அன்புதான் இருந்தது. போகிறேன் என்று உறுதியாய்ச் சொல்ல மருமகனால் கூடவில்லை, போய்வா என்று சொல்ல மாமனால் கூடவில்லை. இவ்விருவரையும் நாம் நன்கறிவோம். எவ்வாறெனில், நம் வீட்டிலேயே இது நிகழ்ந்தது.

சில ஆண்டுகளுக்குமுன், நம் மாமியார் கண்புரைக்குச் சிகிச்சை செய்துகொள்ளும்பொருட்டுப் பங்குனி மாதத்தில் நம் இல்லத்திற்கு வந்தார். மாமனார் முன்பே கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். ஒரு கண் ஆனது; சில வாரம் சென்று மற்றொரு கண் ஆனது; பிறகு கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு இருக்கட்டும் என்றோம்; பிறகு மழை வந்தது. கார்த்திகை பிறந்தும் அவர் நம்மோடிருந்தார். அவர்மீது குற்றம் சொல்ல இடமில்லை. ஆயின், அஞ்சறைப்பெட்டியில் கடுகு இருந்த இடத்தில் சீரகமும் சீரகம் இருந்த இடத்தில் வெந்தயமும் வந்து அமர்ந்தன. வேலைக்காரி கழுவிய பாத்திரம் மறுமுறை கழுவப்பட்டது. மாணாக்கரின் விடைத்தாள்களைத் திருத்த நாம் உட்காரும் வேளையே குடும்ப ஜெபத்திற்கு உரிய வேளையாயிற்று. அந்த ஜெபமும் உலகத்திலுள்ள உறவினர் ஒருவரையும் விடாமல் நடந்தது. எல்லாவற்றிலும் நம்மை வருத்தியது வேறொன்று. நாம் உண்ணாமல் அவர் உண்ணமாட்டார். கலாசாலையில் அலுவல் மிகுந்து இரவு பத்து மணிக்கு வந்தால், அந்த முதியவர் பசியோடு காத்திருப்பார். ‘நீங்கள் சாப்பிட்டிருக்கலாமே அத்தை’ என்போம். ‘இருக்கட்டும் மாப்பிள்ளை, எனக்கென்ன அவசரம்’ என்பார். அவருடைய அன்பே நமக்குக் கடனாய் ஏறிக்கொண்டிருந்தது. தீர்க்கமுடியாத கடன் கொடுத்தவரிடத்தில் மனிதனுக்குச் சினம் பிறப்பது இயல்பு, நமக்கும் பிறந்தது.

ஒருநாள் இரவு நம் மனைவியாரிடம், ‘இன்னும் எத்தனை நாள்?’ என்று கேட்டோம். தாழ்ந்த குரலில்தான் கேட்டோம். வீட்டின் சுவரைப்பற்றி மேலே சொல்லியிருக்கின்றோம். மறுநாள் காலையில் மாமியார் தம் புடைவைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ‘இன்றைக்கு ரயிலில் இடம் கிடைக்குமா மாப்பிள்ளை?’ என்றார். குரலில் கோபமில்லை. நாம் இடம் பிடித்துக் கொடுத்தோம். அந்த ஒரு காலைப்பொழுதின் நினைவே இக்கட்டுரையை எழுதுவித்தது.

பின்னர் நம் மனைவியார் வாயிலாக அறிந்தது இது: அவர் ஆவணி மாதமே ஊர் திரும்ப விரும்பினாராம். ஊரில் அவருக்கு இரண்டு ஆடுகளும் ஒரு முருங்கைமரமும் ஓய்வுநாட் பள்ளியில் ஒரு வகுப்பும் உண்டு. நம் வீட்டிலோ மாடியினின்று தெருவைப் பார்ப்பதன்றி வேலையில்லை. ‘ஊரில் மழையாமா?’ என்று மாலைதோறும் கேட்டதன் பொருள் அதுவே. ஆயினும், தாமே போகிறேன் என்றால் மாப்பிள்ளை வீட்டில் குறை கண்டதாக ஆகுமே என்று வாளாவிருந்தார். நாமும், போகலாம் என்றால் துரத்தியதாக ஆகுமே என்று வாளாவிருந்தோம். இருவர் மரியாதையும் கூடி ஒருவரையொருவர் நான்கு மாதம் சிறைவைத்தன.

ஆதலின் நமது அபிப்பிராயம் இது. நெடுநாள் தங்க வருபவர் திரும்பும் நாளை, வரும்பொழுதே இரு திறத்தாரும் பேசிக் குறித்துக்கொள்ள வேண்டும். இது தமிழர் பண்பிற்கு மாறானது என்று நண்பர் சிலர் நம்மிடம் வாதாடினர். விடைபெறும்போதும் ‘போகிறேன்’ என்னாது ‘போய் வருகிறேன்’ என்னும் நாட்டில், வந்தவரை நோக்கி எப்பொழுது போவீர் என்று கேட்பதா என்றனர். வாசலில் நிற்பவரைக் கேட்பது பண்பன்று என்பதை நாமும் ஒப்புகின்றோம். ஆயின், கடிதத்திலோ தொலைபேசியிலோ, ‘பொங்கலுக்கு வந்து மாசி முடிய இருங்கள்’ என்று அழைப்பதில் இழுக்கென்ன? நாள் குறித்து அழைக்கப்பட்டவர் அந்நாள்வரை உரிமையோடு இருப்பார். நாள் குறியாதவரோ ஒவ்வொரு நாளும் நம் முகத்தைப் பார்த்தே இருக்கவேண்டும். முகம் பார்த்து உண்ணும் சோறு எத்துணை உயர்ந்ததாயினும் செரியாது.

இன்னுமொன்று. சொல்லவேண்டியதை அவரவர் பெற்றோரிடம் அவரவரே சொல்லவேண்டும். மருமகள் ஒரு சொல் சொன்னால் அது பத்தாண்டு நிற்கும். அதே சொல்லை மகன் சொன்னால் மறுவேளைச் சாப்பாட்டிற்குள் மறக்கப்படும். ஆடவர் பலர் இவ்வேலையை மனைவியர்மேல் சுமத்திவிட்டுச் செய்தித்தாளின் பின்னே மறைந்துகொள்வதை நாம் கண்டிருக்கின்றோம். அது கோழைத்தனம். வந்தவருக்கு ஒரு வேலையும் வேண்டும். பேரனுக்கு எழுத்துக் கற்பிப்பதோ, காய்கறி வாங்குவதோ, ஏதோவொன்று முழுதும் அவருடையதாயிருத்தல் நலம். ‘நீங்கள் சும்மா இருங்கள்’ என்று சொல்வதை நாம் உபசாரம் என்று எண்ணுகின்றோம். அவர்களுக்கு அது, நீங்கள் வேண்டாதவர் என்று கேட்கின்றது.

நிற்க. இதுகாறும் சொன்னது திரும்பிச்செல்ல ஒரு வீடு உடையவர்களைக் குறித்தது. அவ்வீடு இல்லாதவரும், தனித்து வாழ வலியிழந்தவரும் விருந்தினரல்லர். அவர்களுக்கு நாள் குறிப்பது பாவம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மகனையும் மகளையும் ஒப்பவே பொறுப்பாளிகளாக்கிற்று. மருமகனையும் மருமகளையும் அது கூறவில்லை. 2019-இல் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா அவர்களையும் சேர்க்க முற்பட்டது. சட்டம் எங்ஙனமாயினும், மகனைப் பெற்றவர் எத்தனை மாதமும் இருக்கலாம், மகளைப் பெற்றவர் மட்டும் கை நனைத்துவிட்டுப் புறப்படவேண்டும் என்னும் பழைய கொள்கைக்கு இனி இடமில்லை. மாமியாரையே தன் தாயாகக் கொண்டு அந்நிய தேசம் சென்ற ரூத்தைப்பற்றிப் பிரசங்கம் கேட்டுத் தலையசைக்கும் நம்மவரிற் பலர், வீட்டிற்கு வந்ததும் இக்கொள்கையையே பேசுவது வியப்பு.

கடல்கடந்து வாழும் நமது பழைய மாணாக்கர்க்கு ஒரு வார்த்தை. அவர்களுக்கு நாள் குறிக்கும் வேலையை அரசாங்கமே செய்துவிடுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு வருகையாளராகச் செல்லும் பெற்றோர்க்குப் பெரும்பாலும் ஆறு மாதம் அளிக்கப்படுகின்றது. ஆகவே குழந்தை பிறந்த வீட்டில் முதலாறு மாதம் பெண்ணின் தாயும் அடுத்த ஆறு மாதம் பிள்ளையின் தாயும் முறைவைத்து வருகின்றனர். கனடாவிலோ 2011-இல் ஏற்பட்ட ‘சூப்பர் விசா’ முதலில் இரண்டாண்டு தங்க இடந்தந்தது. 2022 ஜூலை முதல் ஐந்தாண்டு. ஆண்டுக்கணக்கில் தங்குவதை வருகை என்னலாமோ? கார் ஓட்டத் தெரியாத, அந்நாட்டு மொழி பேசமாட்டாத, பனிக்காலத்தில் வாசற்படி தாண்டக்கூடாத ஒரு முதியவர், மகனும் மருமகளும் அலுவலுக்குச் சென்றபின் பகல் முழுதும் குழந்தையோடும் தொலைக்காட்சியோடும் இருப்பதை எண்ணிப்பாருங்கள். அவர் பிள்ளை வளர்க்க வந்தாரா, உறவாட வந்தாரா என்பதை அழைப்பதற்குமுன் தெளிவாய்ச் சொல்லிவிடுங்கள். ஞாயிறுதோறும் தமிழ் ஆராதனைக்கோ தமிழர் கூடுமிடத்திற்கோ அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் செலுத்தும் மருத்துவக் காப்பீட்டினும் அது அவருக்கு மிகுந்த ஆரோக்கியம் தரும்.

நம் மாமியார் ஓராண்டுவரை நம் வீட்டிற்கு வரவில்லை. நாமும் மனைவியாரும் நேரிற் சென்று, தை மாதத்தில் இருபத்தைந்து நாள் வந்திருக்கவேண்டும் என்று அழைத்து, திரும்பும் ரயில் சீட்டையும் அவர் கையிலேயே கொடுத்தோம். கொடுக்கும்போது நம் கை சற்று நடுங்கிற்று. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் படித்து, வேதப்புத்தகத்தினுள் வைத்துக்கொண்டார். வந்தபின் நாம் வரத் தாமதித்தால் தாம் முன்னே உண்டுவிடுவார். அதுவே முதல் மாறுதல். இருபதாம் நாள் மாலை அடுக்களையிலிருந்து அவர் குரல் கேட்டது.

‘இன்னும் ஐந்து நாள் இருக்கிறது மாப்பிள்ளை. அதற்குள் இந்த அஞ்சறைப்பெட்டியை ஒழுங்காக்கிவிட்டுத்தான் போவேன்.’