பெண் கல்வியும் நாட்டின் ஆக்கமும்

ஒரு நாட்டின் செல்வம் யாது என வினவினால், பலர் அதன் ஆறுகளையும் சுரங்கங்களையும் விளைநிலங்களையும் எடுத்துரைப்பர். அவை யாவும் செல்வமே. எனினும், அவை தாமாகப் பயன் தருவன அல்ல. ஆற்று நீரைத் தேக்கி மின்னாற்றல் ஆக்குவதற்கும், மண்ணின் இயல்பறிந்து விதையைத் தேர்வதற்கும், நோயின் மூலம் அறிந்து மருந்தளிப்பதற்கும் மக்களின் அறிவே வேண்டும். ஆதலின், எல்லாச் செல்வத்திற்கும் முதற்செல்வம் அறிவுச் செல்வமேயாகும். அவ்வறிவு ஆண், பெண் என்னும் வேறுபாடு கருதிப் பிறப்பதன்று. மக்களுள் ஒரு பாதியினரைப் பள்ளியின் வாயிலில் நிறுத்திவிட்டு முன்னேற விரும்பும் நாடு, தன் நிலத்தின் ஒரு பாதியைத் தரிசாக விட்டுவிட்டு விளைவு குறைந்ததே என வருந்தும் உழவனை ஒக்கும்.

பண்டைத் தமிழகத்தில் பெண்டிர் கல்வியிற் சிறந்து விளங்கினர். ஔவையார், வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் முதலிய பெண்பாற் புலவர்களின் பாடல்கள் சங்கத் தொகை நூல்களில் இடம்பெற்றுள்ளன. பிற்காலத்தில் அந்நிலை மாறிற்று. இளமை மணமும், கைம்பெண்களை ஒடுக்கிய வழக்கங்களும், அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்னும் பேச்சும் பெண்களைக் கல்வியினின்று விலக்கின. நாடு விடுதலை பெற்றபின் 1951ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட முதல் மக்கட்கணக்கில், எழுத்தறிந்த ஆண்கள் 100க்கு 27 பேர். எழுத்தறிந்த பெண்களோ 100க்கு 9 பேர்க்கும் குறைவு.

இத்தகைய சூழ்நிலையிலும் தடைகளைக் கடந்து கற்றுயர்ந்த பெண்மணிகள் சிலர் உளர். அவர்களுள் மூவர் வாழ்வை நோக்கினால், ஒரு பெண்ணின் கல்வி நாட்டிற்கு எவ்வாறு பயன் விளைக்கும் என்பது தெளிவாகும்.

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1886ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்தார். அங்கிருந்த ஆடவர் கல்லூரியில் அவரைச் சேர்த்தற்குப் பலர் எதிர்ப்புக் காட்டினர். புதுக்கோட்டை மன்னர் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இசைவு அளித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்தின் முதற் பெண் உறுப்பினராகிப் பெண்களின் நலத்திற்காகப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் கண்டார். தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த துயரம் அவர் உள்ளத்தில் ஆறாது நின்றது. அத்துயரே 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. சிறிய அளவில் தொடங்கிய அந்நிலையம் பின்னர் நாடறிந்த ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது.

தலைச்சேரியில் 1897இல் பிறந்த ஜானகி அம்மாள், சென்னையில் கல்வி பயின்றார். ஆசிய நாட்டுப் பெண்களுக்கென ஏற்பட்ட உதவித்தொகை ஒன்றைப் பெற்று, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆராய்ந்து, 1931இல் அறிவியல் முனைவரானார். 1934 முதல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். அக்காலத்தில் இனிப்பு மிகுந்த கரும்பு நோயைத் தாங்காது. நோயைத் தாங்கும் காட்டுவகையோ இனிப்புக் குறைந்தது. இவ்விரண்டின் நற்பண்புகளையும் ஒரு பயிரில் இணைக்க வேண்டுமாயின், அவற்றின் உயிரணுக்களையும் குரோமோசோம்களையும் நன்கு அறிதல் வேண்டும். அவ்வாராய்ச்சியில் ஜானகி அம்மாள் ஈடுபட்டுக் கரும்போடு மக்காச்சோளம் முதலிய பிற புல்லினங்களையும் கலந்து புதிய பயிர்களை உருவாக்கிக் காட்டினார். இங்கிலாந்தில் பணியாற்றியபோது, டார்லிங்டன் என்னும் அறிஞரோடு இணைந்து, பயிர்களின் குரோமோசோம்களைத் தொகுத்துரைக்கும் பெருநூலொன்றை 1945இல் வெளியிட்டார். தலைமையமைச்சர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டார்.

சென்னையில் 1919இல் பிறந்த லலிதாவின் வாழ்க்கை துன்பத்தில் தொடங்கியது. அவருக்குப் 15ஆம் வயதில் திருமணம் நடந்தது. 18ஆம் வயதில், நான்கு திங்கட் குழந்தையோடு கைம்பெண்ணானார். அந்நாளைய வழக்கப்படி அவர் வாழ்வு நான்கு சுவர்களுக்குள் முடிந்திருக்கும். ஆனால், கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பேராசிரியராயிருந்த அவர் தந்தையார், மகளையும் அக்கல்லூரியிற் சேர்க்க முயன்றார். கல்லூரி முதல்வர் சாக்கோ துணை நின்றார். அதுகாறும் ஆடவர் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் லலிதா மின்பொறியியல் கற்றுத் தேறினார். பட்டச் சான்றிதழில் 'அவன்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அச்சிடப்பட்டிருந்தமையால், அதனை அடித்து, 'அவள்' எனக் கையால் எழுத வேண்டியதாயிற்று. அவ்வாறு பட்டம் பெற்ற பெண், பிற்காலத்தில் பக்ரா-நங்கல் அணையின் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் மின்தொடர்களை வகுக்கும் பணியிற் பங்கு கொண்டார்.

இம்மூவர் வரலாற்றிலும் பொதுவாகக் காணப்படுவது ஒன்று உண்டு. மூவரும் பேரறிவும் விடாமுயற்சியும் உடையவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒருவர்க்கு ஒரு மன்னரின் இசைவு கிட்டியது. மற்றொருவர்க்கு ஓர் உதவித்தொகை கிட்டியது. வேறொருவர்க்குத் தந்தையின் துணிவு கிட்டியது. அவை கிட்டாதிருப்பின் அவர்களுடைய அறிவு நாட்டிற்குப் பயன்பட்டிருக்குமோ? அத்தகைய நற்பேறு கிட்டாமையால் எத்தனை மருத்துவர்களையும் அறிவியலறிஞர்களையும் பொறியாளர்களையும் இந்நாடு இழந்தது என்பதைக் கணக்கிட்டுரைப்பார் யார்? ஒரு நாட்டின் ஆக்கம் சிலர்க்குத் தற்செயலாக வாய்க்கும் நற்பேற்றைச் சார்ந்திருத்தல் ஆகாது. நற்பேறாக வந்தது உரிமையாக மாறுதல் வேண்டும்.

அவ்வாறு மாற்றும் பணி விடுதலைக்குப்பின் படிப்படியாக நடைபெற்றது. காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் சிற்றூர்தோறும் பள்ளிகள் பெருகின. பசியோடு வரும் குழந்தையின் செவியில் பாடம் ஏறாது என்பதை உணர்ந்த அரசு, 1956இல் பகலுணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 1982இல் அது சத்துணவுத் திட்டமாக விரிவடைந்தது. 1989இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டத்திருத்தம், குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்கும் பங்குரிமை அளித்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகள் அனைவர்க்கும் கல்வி உரிமை என்னும் சட்டம் 2009இல் இயற்றப்பட்டது. அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு 2022இல் தொடங்கியது. இவற்றின் பயன் வீண்போகவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் நாட்டின் எழுத்தறிந்த பெண்கள் 100க்கு ஏறக்குறைய 65 பேராக உயர்ந்தனர். கதிரவனை ஆராய 2023இல் இந்தியா அனுப்பிய ஆதித்யா விண்கலத்தின் திட்ட இயக்குநர், செங்கோட்டையிற் பிறந்து, திருநெல்வேலி அரசினர் பொறியியற் கல்லூரியில் பயின்ற நிகர் ஷாஜி என்னும் பெண்மணியாவார்.

எனினும், பணி முற்றுப்பெற்றது எனக் கருதுதல் தவறு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுடைய இந்தியப் பெண்களுள் 100க்கு 23 பேர், 18 வயது நிறையுமுன்னரே மணம் செய்விக்கப்பட்டவர். கல்வி உரிமைச் சட்டத்தின் காவல் 14 வயதோடு நின்றுவிடுகிறது. பல பெண்களின் படிப்பு நிறுத்தப்படுவதும் அவ்வயதிற்குப் பின்னரே ஆகும். சட்டம் பள்ளியின் கதவைத் திறக்கலாம்; வீட்டின் கதவைத் திறப்பவர் வீட்டிலுள்ளோரேயன்றோ?

பெண்ணைப் படிக்கவைத்தல், அடுத்த வீட்டுத் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுதல் போன்றது என்பர் சிலர். கல்வி, மணமகன் வீட்டிற்கு அனுப்பும் சீர்வரிசை அன்று. அது கற்றவளுக்கே உரிய உடைமை. வாழ்வில் இடர் வந்துற்ற காலத்தும் அவளை விட்டு நீங்காது உடனிருப்பது அதுவே என்பதற்கு லலிதாவின் வாழ்வே சான்று. பெண்கள் வேலைக்கு வந்தால் ஆண்களுக்கு வேலை குறையும் என்பர் வேறு சிலர். அறிவு, பங்கிட்டால் குறைந்துபோகும் ஒரு பானைச் சோறு அன்று. முத்துலட்சுமி அம்மையார் எவருடைய வேலையையும் பறித்திலர். அவர் அமைத்த மருத்துவமனையில் ஆடவரும் பெண்டிரும் வேலை பெற்றனர். எண்ணற்றோர் உயிர் பெற்றனர்.

இனி, இளைஞர் ஆற்றவேண்டிய கடமை யாது? பல வீடுகளில் மாலை வேளையில் தம்பி விளக்கடியில் அமர்ந்து படிக்க, தமக்கை நீர் கொணர்ந்தும் பாத்திரம் துலக்கியும் களைத்துப் போகின்றாள். இருவரும் எழுதுவது ஒரே தேர்வுதான். இருவர்க்கும் கிடைக்கும் நேரமோ ஒன்றன்று. வீட்டுப் பணியில் ஒரு பாதியை அத்தம்பி ஏற்றுக்கொண்டால், அன்றே அவ்வீட்டில் ஒரு கதவு திறந்ததாகும். உடன் பயின்ற மாணவி ஒருத்தி திடுமெனப் பள்ளிக்கு வாராது நின்றுவிட்டால், காரணத்தை வினவி ஆசிரியரிடம் தெரிவித்தல் தோழியரின் கடமையாகும். தொடங்கிய படிப்பைத் துணிவோடு முடித்தல் மாணவியர் கடமையாகும்.

மன்னர் ஒருவரும் தந்தை ஒருவரும் அன்று செய்த உதவியை, இன்று ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு வகுப்பும் செய்தல் இயலும். அங்ஙனம் செய்யும் நாட்டில் ஒரு பெண் கற்றுயர்வது வியப்புக்குரிய செய்தியாக இராது. நாள்தோறும் நிகழும் இயல்பான செயலாகவே அமையும். அந்நிலையே நாடு ஆக்கம் பெற்றதற்கு உண்மையான அடையாளமாகும்.