கூண்டுக்குள் ஒரு கொய்யாக் கிளை

உங்கள் வீட்டில் கூண்டுப் பறவை ஏதாவது வளர்கிறதா? வளர்கிறது என்றால், இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அதன் காலைப் பாருங்கள். அலகை அல்ல, இறகை அல்ல, காலை. அதிலும் உள்ளங்காலை.

"இது என்ன வேடிக்கை! பறவைக்கு உள்ளங்கால் என்று ஒன்று உண்டா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சிரித்தேன், சகோதரிகளே. பிறகு வருத்தப்பட்டேன். அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இந்த வாரம் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டுப் பேரனுக்கு 2022-ஆம் வருஷம் பிறந்த நாள் பரிசாக ஒரு ஜோடிப் பறவைகள் வந்தன. ஒன்று பச்சை, ஒன்று நீலம். கடையில் 'லவ் பேர்ட்ஸ்' என்றுதான் சொன்னார்கள். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். உண்மையில் அவற்றின் பெயர் பட்ஜரிகர். ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் கூட்டம் கூட்டமாகப் பறக்கிற சின்னக் கிளி ஜாதி. அசல் லவ் பேர்ட் என்பது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு பறவை. அது கிடக்கட்டும்.

கூண்டோடு இரண்டு பிளாஸ்டிக் குச்சிகளும் வந்தன. வழவழவென்று, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே பருமன். கழுவ எத்தனை சௌகரியம் என்று நான் மகிழ்ந்து போனேன். தினம் தண்ணீர் மாற்றுவேன், தினை போடுவேன், காகிதம் மாற்றுவேன். ஒரு வருஷத்துக்கு மேல் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

அப்புறம் ஒரு நாள் நீலப் பறவை ஒரு காலைத் தூக்கிக் கொண்டே நின்றது. தூக்கத்தில் பறவைகள் ஒற்றைக் காலில் நிற்பது உண்டு. ஆகையால் நான் பெரிதாக நினைக்கவில்லை. நாலு நாள் கழித்துப் பார்த்தால், பட்டப் பகலிலும் அப்படியே நிற்கிறது. டாக்டரிடம் எடுத்துப் போனோம். அவர் அதைக் கைக்குள் மெதுவாகப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். உள்ளங்காலில் தோல் தேய்ந்து, சிவந்து, நடுவில் ஒரு பயறு போல வீங்கியிருந்தது.

"வீட்டில் என்ன குச்சி போட்டிருக்கிறீர்கள், அம்மா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

யோசித்துப் பாருங்கள். நாம் நடக்கிறோம், உட்காருகிறோம், இரவில் காலை நீட்டிப் படுக்கிறோம். பறவைக்குப் படுக்கை ஏது? சாப்பிடுவதும் நின்றுதான், தூங்குவதும் நின்றுதான். இரவும் பகலும் ஒரே பருமனுள்ள வழவழப்பான குச்சியில் நின்றால், உடம்பின் பாரம் முழுவதும் காலில் ஒரே இடத்தில்தான் விழுகிறது. அந்த இடம் முதலில் சிவக்கும். பிறகு தேய்ந்து பளபளக்கும். அப்புறம் கிருமி புகுந்து வீங்கும். முற்றினால் எலும்பு வரை போய் உயிருக்கே அபாயம். தினையை மட்டுமே தின்று கொழுத்த பறவைக்கு இது சுலபமாக வரும். கீரை, காரட் போன்றவற்றிலிருந்து கிடைக்க வேண்டிய வைட்டமின் 'ஏ' இல்லாததும் ஒரு காரணம் என்றார் டாக்டர்.

காட்டில் பறவைக்கு இந்த உபத்திரவம் இல்லை. மரக்கிளை ஓரிடத்தில் பெருத்திருக்கும், ஓரிடத்தில் சிறுத்திருக்கும். கணு இருக்கும், வளைவு இருக்கும். ஒவ்வொரு தடவை நகரும்போதும் கால் வேறு விதமாகப் பிடிக்கிறது. தேகப் பயிற்சியும் ஆயிற்று, ஓய்வும் ஆயிற்று. "நிஜ மரக்கிளை வையுங்கள்" என்று மருந்தோடு எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பேரனிடம், "கொல்லையில் ஏதாவது கிளை கிடக்கிறதா பார்" என்றேன். முதல் நாள்தான் செடிகளைக் கழித்து விட்டிருந்தார்கள். அவனும் ஓடிப் போய், அழகான, நேரான, சுண்டு விரல் பருமனில் ஒரு கிளையைக் கொண்டு வந்தான். நுனியில் ரோஜா நிறத்தில் இரண்டு பூக்கள் வேறு. கூண்டுக் கதவைத் திறந்து விட்டேன். அந்தச் சமயம் வாசலில் பூ கொண்டு வந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "ஐயையோ, அது அரளியாச்சே! வாய் வச்சுதுன்னா பிழைக்காதே!" என்று கத்தினாள்.

எனக்குக் கை நடுங்கி விட்டது. அரளி விஷம் என்பது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் சாமிக்குப் பூப் பறிக்கும் செடி என்றுதான் கண் பார்த்ததே தவிர, அது விஷச் செடி என்று மனம் நினைக்கவில்லை. பறவை கிளையில் சும்மா நிற்காது. பட்டையை உரித்து மென்று துப்பும். அரளியின் இலை, பூ, பட்டை, கட்டை எல்லாவற்றிலும் இதயத்தைத் தாக்கும் விஷம் உண்டு. காய்ந்தாலும் அது போகாது. முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள ஒரு ஜீவனுக்கு எத்தனை வேண்டும், சொல்லுங்கள்!

அன்று முதல் கிளை விஷயத்தில் நான் வெகு ஜாக்கிரதை. நான் கற்றுக் கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், எதைத் தொடக் கூடாது என்பது. அரளி, அதில் எந்த நிறமானாலும் சரி. பொன்னரளி என்று சொல்லும் மஞ்சள் அரளியும் அப்படியே. எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணிக் கொடி, கள்ளி வகைகள், வேலியில் படரும் உண்ணிச் செடி, இவை எதுவும் வேண்டாம். கொடைக்கானல் பக்கத்துச் சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை: 'அவகாடோ' என்கிற வெண்ணெய்ப் பழ மரம் பறவைகளுக்குக் கொடிய விஷம். நாம் பழத்தை ருசித்துச் சாப்பிடலாம். ஆனால் பழம், இலை, பட்டை, கொட்டை எதுவுமே பறவையிடம் போகக் கூடாது. பிளம்ஸ், பீச் மரங்களின் இலையிலும் பட்டையிலும் சயனைடு உண்டாக்கும் சத்து இருக்கிறது. அவற்றையும் விட்டு விடுங்கள்.

மாமரம் வாசலிலேயே நிற்கிறதே என்பீர்கள். மாங்காய்ப் பால் பட்டு நம் உதடே வெந்து போவது உங்களுக்குத் தெரியாததா? அதை விட நல்ல மரங்கள் இருக்கும்போது அந்தப் பரீட்சை எதற்கு?

பெயர் தெரியாத செடியானால் ஒரு சின்னச் சோதனை: இலையைக் கிள்ளிப் பாருங்கள். பால் வடிந்தால் வைத்து விடுங்கள். பால் வடிகிற மரமெல்லாம் விஷம் என்பதல்ல. பால் வடியாததெல்லாம் அமிர்தம் என்பதும் அல்ல. ஆகையால் பெரிய விதி ஒன்றுதான்: பெயர் நிச்சயமாகத் தெரியாத மரம் கூண்டுக்குள் போகக் கூடாது.

இனி நல்ல மரங்கள். என் ஓட்டு முதலில் கொய்யாவுக்குத்தான். கெட்டியான கட்டை, மெல்லிய பட்டை, ஒரே கிளையில் பலவிதப் பருமன், கவை கவையாகப் பிரியும். பறவை மென்றாலும் பயமில்லை. அடுத்தது வேம்பு. கசப்பாயிற்றே என்று நீங்கள் தயங்கலாம். நம் ஊரில் பறவை வளர்ப்பவர்கள் பலரும் விரும்பிப் போடுவது வேப்பங்கிளைதான். தைல மரம் என்கிற யூகலிப்டஸ் கிடைத்தால் விசேஷம். பட்ஜரிகருக்கு அது பிறந்த வீட்டு மரம். சவுக்குக் கிளையும் நல்லது. தேன்சிட்டளவே இருக்கும் 'பிஞ்ச்' போன்ற சின்னப் பறவைகளுக்குச் செம்பருத்திக் குச்சி போதும். அதன் பூவையும் கொறிக்கலாம். முருங்கைக்கீரை பறவைக்கு நல்ல ஆகாரம். ஆனால் கிளை முறுக்கென்று ஒடிந்து விடும், நிற்க லாயக்கில்லை. மூங்கில் விஷமில்லை, ஆனால் அதுவும் வழவழப்பு, ஒரே பருமன். பழைய கதைதான்.

மரம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அது நின்ற இடமும் நல்லதாக இருக்க வேண்டும். பெரிய சாலையோரத்து மரத்தில் வண்டிப் புகை படிந்திருக்கும். தோட்டத்து மரத்தில் பூச்சி மருந்து அடித்திருப்பார்கள். கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். தச்சரிடம் மீந்த துண்டுக் கட்டை, பிளைவுட், வார்னிஷ் அடித்த குச்சி எதுவும் ஆகாது. கறையானுக்கு மருந்து ஏற்றிய கட்டைகளில் செம்பும் ஆர்சனிக்கும் கூட இருக்கலாம். வெளிநாட்டுச் சாமான் வந்த பெட்டிப் பலகையும் வேண்டாம், 'எம்.பி.' என்று முத்திரை இருந்தால் அது விஷப் புகை போட்ட பலகை என்று அர்த்தம்.

பருமனுக்கு அளவுகோல் உங்கள் கையிலேயே இருக்கிறது. பட்ஜரிகருக்குச் சுண்டு விரல் முதல் கட்டை விரல் வரை, அதாவது 1.2 முதல் 2 சென்டிமீட்டர். காக்கடீல் என்னும் கொண்டைக்காரருக்கு இன்னும் சற்றுப் பெரிதாக, 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை. பறவை நிற்கும்போது பாருங்கள்: முன் விரலும் பின் விரலும் கிளையைச் சுற்றிப் பிடிக்க வேண்டும், ஆனால் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் கிளை மெல்லிசு. பலகை மேல் நிற்பது போலக் கால் பரந்து கிடந்தால், பருமன் அதிகம். இரண்டு மூன்று கிளைகளை வெவ்வேறு பருமனில் வைத்து விட்டால் கவலையே இல்லை.

கிளையை அப்படியே கூண்டில் செருகி விடாதீர்கள். பூச்சி அரித்தது, பூசணம் பிடித்தது, முள் உள்ளது எல்லாவற்றையும் கழித்து விடுங்கள். கொதிக்கும் நீரை ஊற்றித் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். பினாயில் மட்டும் வேண்டவே வேண்டாம். அது பறவைக்கு விஷம். பிறகு நல்ல வெயிலில், நாம் வற்றல் காய வைக்கிற மாதிரி, மூன்று நாலு நாள் திருப்பித் திருப்பிக் காய வையுங்கள். பட்டையை உரிக்காதீர்கள், அதைக் கொறிப்பதுதான் பறவைக்குப் பொழுதுபோக்கு.

கட்டுவதற்குத் துத்தநாகம் பூசிய கம்பியை உபயோகிக்காதீர்கள்; அதைக் கடித்தாலும் விஷந்தான். நூலும் நைலானும் விரலில் சுற்றிக் கொள்ளும். எவர்சில்வர் போல்ட்டும் திருகும் கடையில் கிடைக்கும். இல்லையென்றால் கிளையின் இரு முனையிலும் ஒரு வெட்டு வெட்டிக் கூண்டுக் கம்பியில் மாட்டி விடலாம். தண்ணீர்க் கிண்ணத்துக்கும் தீனிக்கும் நேர் மேலே கிளை வராமல் பார்த்துக் கொள்ளுங்கள். காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை! தூங்குவதற்குரிய கிளை உயரத்தில் இருக்கட்டும். சுவரில் வால் உரசக் கூடாது. கூண்டு முழுதும் காடாக அடைத்து விடாமல், நடுவில் சிறகடிக்க இடம் விடுங்கள். நகம் தேயட்டும் என்று குச்சியில் உப்புத்தாள் சுற்றி விற்கிறார்கள். நகம் தேய்வதற்கு முன் உள்ளங்கால் தேய்ந்து விடும்.

இன்னொன்றும் சொல்லி விடுகிறேன். கூண்டு சமையலறையில் இருந்தால் இன்றே இடத்தை மாற்றுங்கள். ஒட்டாத பாத்திரம் என்கிறோமே, அது அடுப்பில் அளவுக்கு மேல் காய்ந்தால் எழும் புகை நமக்குத் தெரியாது. பறவையை நிமிஷத்தில் கொன்று விடும். நம் பாட்டி காலத்து இரும்புத் தோசைக்கல்லில் இந்த வம்பு இல்லை.

"எங்கள் வீட்டில் பச்சைக்கிளி இருக்கிறது, அதற்கு எந்தக் கிளை?" என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லி விடுகிறேன். நம் நாட்டுப் பச்சைக்கிளியையும் மைனாவையும் பிடிப்பதோ விற்பதோ கூண்டில் வைப்பதோ 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு ஏற்ற கிளை வானத்துக்குக் கீழே, மரத்தில்தான் இருக்கிறது. இருந்தால் வனத் துறையாரிடம் ஒப்படைத்து விடுங்கள். நாமாகத் திறந்து விட்டால் பறக்க மறந்த பறவை காக்கைக்கு இரையாகி விடும்.

எங்கள் நீலப் பறவை என்ன ஆயிற்று என்கிறீர்களா? பிழைத்துக் கொண்டது. இரண்டு மாதம் மருந்து, கட்டு, முருங்கைக்கீரை, கொய்யாக் கிளை. வீக்கம் வடிந்தது. ஆனால் ஒரு விரல் மட்டும் மடங்கியபடியே நின்று விட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம், தினமும் கூண்டைக் கழுவிய நான் ஒரு நாளாவது அதன் காலைப் பார்க்கவில்லையே என்று மனம் சுருக்கென்கிறது.

கூண்டுக்கடியில் இப்போது தினமும் ஒரு பிடி பட்டைத் தூள். கழுவச் சௌகரியமான அந்தப் பிளாஸ்டிக் குச்சியின் மேல் எனக்கு இருந்த ஆசை போய் விட்டது. பெருக்குகிற வேலையைப் பேரனிடம் விட்டிருக்கிறேன். அவனும் முணுமுணுக்காமல் செய்கிறான்.

சரி, படித்து முடித்தாயிற்று அல்லவா? எழுந்திருங்கள். போய் அந்தக் காலைப் பாருங்கள்.