உலை இல்லாமல் செம்பு! தண்ணீர் தப்புமா?

கோவையில் பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறார்கள். அந்தச் செம்பு எப்படிக் கிடைக்கிறது?

பூமிக்கடியில் செம்பு பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்து கல்லாக இருக்கிறது. ராஜஸ்தானில் கேத்ரி, மத்தியப் பிரதேசத்தில் மலாஞ்ச்கண்ட் ஆகிய இடங்களில் அந்தக் கல்லை வெட்டி எடுக்கிறார்கள்.

புகை தந்த தொல்லை

கல்லைப் பொடியாக்கி, செம்பு மிகுந்த பகுதியைப் பிரித்து, உலையில் உருக்குவது வழக்கம். அப்போது கந்தகம் எரிந்து, மூச்சைத் திணறவைக்கும் வாயு உண்டாகும். அதைப் பிடித்துக் கந்தகத் திராவகமாக மாற்ற வேண்டும். வெளியே விட்டால் ஊருக்கு ஆபத்து.

காற்றும் நீரும் கெடுவதாகச் சொல்லி, தூத்துக்குடி தாமிர ஆலையை எதிர்த்து மக்கள் போராடினார்கள். 2018 மே மாதம் போலீசார் சுட்டதில் 13 பேர் உயிர் இழந்தார்கள். ஆலை மூடப்பட்டது. அதைத் திறக்கக் கோரிய மனுவை 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது.

நீல நீர்

உலை இல்லாத வழியும் உண்டு. உடைத்த கல்லைக் குவித்து, திராவகம் கலந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். சிலவகை நுண்கிருமிகளும் உதவி செய்யும். செம்பு கரைந்து, நீல நீராக வடியும்.

அது வேறொன்றும் இல்லை; மயில்துத்தம் கரைந்த நீர்தான்! மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பயிருக்குத் தெளிக்கும் விவசாயி அந்த நீலத்தை நன்கு அறிவார். அதில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டால், ஆணிமேல் செம்பு படியும். ஆலைகளிலோ மின்சாரம் செலுத்தி, செம்பைத் தகடாகப் படியவைக்கிறார்கள். சிலி நாட்டில் இம்முறை பெரிய அளவில் நடக்கிறது.

ஆனால், சால்கோபைரைட் என்ற செம்புக் கல் எளிதில் கரையாது. பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். அத்தனை மாதமும் திராவக நீர் அந்த மண்ணின் மேல் நிற்கும்!

நொய்யல் சொல்லும் பாடம்

குவியலுக்கு அடியில் நீர் புகாத விரிப்பு வேண்டும். அது கிழிந்தால், கிணற்று நீர் கெடும். உலைப் புகை கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் கசியும் நீர் தெரியாது.

இதைக் கொங்கு நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர் சாயக் கழிவு தேங்கியது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அதற்குள் நொய்யல் கரையில் கிணறுகளும் வயல்களும் பாழாகிவிட்டன.

அங்கே சாயம், இங்கே செம்பு. பாடம் ஒன்றுதான். "புகை இல்லாத ஆலை" என்று யார் சொன்னாலும், "தண்ணீர் எங்கே போகும்?" என்று ஊர் முதலிலேயே கேட்க வேண்டும். கிணறு கெட்ட பிறகு கேட்டுப் பயன் இல்லை.