சத்திரசிகிச்சைக்குக் காசு சேர்கிறது, அதற்குப் பிறகு வரும் ஒன்பது மாதத்துக்கு?

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒரு பெடியனுக்கு விளையாட்டில் முழங்கால் சவ்வு அறுந்துபோனால், அநேகமாக இரண்டு கிழமைக்குள் காசு சேர்ந்துவிடும். கனடாவிலும் பாரிசிலும் சுவிசிலும் இருக்கிற ஊரவர்கள் வாட்ஸ்அப்பில் செய்தி பார்த்ததும் ஆளுக்குக் கொஞ்சமாக அனுப்பிவிடுவார்கள். அந்த மனசை நான் ஒருநாளும் குறைவாகப் பேசமாட்டேன். பிறகு ஒரு படம் வரும். பெடியன் கட்டிலில் படுத்திருப்பான், காலில் வெள்ளைக் கட்டு, பக்கத்தில் கழகத் தலைவர். அந்தப் படத்தோடு எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடும். அதற்கு அடுத்த நாள் தொடங்கும் மாதங்களைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன். அந்த மாதங்களுக்கென்று எங்கள் கழகங்களில் திட்டமும் இல்லை, காசும் இல்லை, பொறுமையும் இல்லை.

நான் சுருவிலைச் சேர்ந்தவன். உடற்கல்வி ஆசிரியராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். பின்னேரம் நாலரைக்குப் பந்துச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் மைதானத்துக்குப் போய்விடுவேன். முழங்கால் எப்படிப் போகிறது என்பதை அங்கே நின்று கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் எவரும் அடித்து அது அறுவதில்லை. பந்தோடு ஓடி வருகிற பெடியன் எதிராளியை ஏமாற்றக் காலை ஊன்றித் திரும்புகிறான். மழையில் மாடு மிதித்த தடம் வெயிலில் காய்ந்து இறுகிப்போய்க் கிடக்கிறது. பூட்சின் குமிழ்கள் அதில் மாட்ட, பாதம் நிற்கிறது, உடம்பு திரும்புகிறது. உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். விழுந்தவன் சில நிமிடத்தில் எழும்பி நொண்டி நொண்டி நடப்பான், பார்க்கிறவர்கள் சுளுக்கு என்பார்கள். ஆனால் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் முழங்கால் பந்துபோல் வீங்கினால் அது சும்மா சுளுக்கு இல்லை. உள்ளே இரத்தம் கசிகிறது. இவ்வளவு வேகமாக வீங்கும் முழங்கால்களில் பெரும் பங்கு, டாக்டர்மார் ஏ.சி.எல். என்று சொல்லும் முன் குறுக்குச் சவ்வு அறுந்தவை.

எங்கள் கரைகளில் ஐசுக்குப் பஞ்சமில்லை. மீன்பெட்டிக்கு உடைத்துப் போடும் ஐசில் கொஞ்சத்தைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வைத்து எடுத்து, காலை உயர்த்தி வைத்து, மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போதும். முறிவு நெரிவுப் பரியாரியாரிடம் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கை முறிந்து அவர்களிடம் கட்டுப்போட்டுச் சுகமானவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆனால் புதிதாக வீங்கிய முழங்காலை எண்ணெய் போட்டு உருவக் கூடாது. வீக்கம் கூடும். அறுந்த சவ்வு உருவி ஒட்டுகிற சாமானும் இல்லை.

அறுந்தால் கத்தி வைத்தே ஆகவேண்டுமா? எல்லோருக்கும் வேண்டியதில்லை என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. சுவீடனில் 121 இளம் ஆட்களை இரண்டு பகுதியாகப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வின் முடிவு 2010இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு உடனே சத்திரசிகிச்சை செய்து பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு சத்திரசிகிச்சை. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது, இரண்டாம் பகுதியில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்குக் கத்தியே தேவைப்படவில்லை. ஊன்றித் திரும்பி ஓடுகிற உதைபந்தாட்டத்துக்கு மீண்டும் வர நினைப்பவனுக்குப் பெரும்பாலும் சத்திரசிகிச்சையைத்தான் சொல்வார்கள். முழங்கால் அடிக்கடி விலகினாலும், உள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்திருந்தாலும் அப்படித்தான். அதை வைத்தியர் பார்த்து முடிவு செய்யட்டும். ஆனால் அந்த ஆய்வில் இரண்டு பகுதியினரும் மாதக்கணக்காகப் பயிற்சி செய்தார்கள். கத்தி வைத்தாலும் வைக்காவிட்டாலும் பயிற்சியை விட வழியில்லை. எங்கள் ஊரில் கத்திக்குத்தான் காசு கிடைக்கிறது. அதற்குப் பில் உண்டு, படம் உண்டு. ஒரு பெடியன் வீட்டு விறாந்தையில் சுவரோடு சாய்ந்து, தொடையை இறுக்கி, காலை நீட்டித் தூக்கி இறக்குவதை எவர் படம் எடுத்து அனுப்புவார்?

சத்திரசிகிச்சையில் நடப்பது இதுதான். பெடியனின் பின்தொடையிலிருந்தோ முழங்கால் சிரட்டைக்குக் கீழிருந்தோ ஒரு நார்த் துண்டை எடுத்து, எலும்பில் துளை போட்டு, அறுந்த சவ்வின் இடத்தில் பொருத்துகிறார்கள். வைத்த முதல் நாள் அது பலமாகத்தான் இருக்கும். பிறகு உடம்பு அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளத் தொடங்கும்போது, முதல் சில மாதங்களுக்கு அது பலம் குறைந்துதான் பிறகு தேறும். வேலணைத் தோட்டக்காரருக்கு இது விளங்கும்: நட்ட புகையிலைக் கன்று பச்சையாக நிமிர்ந்து நிற்கும், வேர் பிடித்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியாது, ஒரு இழுவைக்கு வந்துவிடும். நாலாம் ஐந்தாம் மாதத்து முழங்காலும் அப்படியே. வீக்கம் வற்றிவிடும், நோ போய்விடும், ஓடலாம். அந்த நேரத்தில்தான் கோயில் திருவிழாவோடு மின்னொளித் தொடர் வரும், அணிக்கு எழுவர், முதல் பரிசு இவ்வளவு என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள்.

“சேர், இப்ப ஒண்டும் நோகேல்லை. ஞாயிற்றுக்கிழமை இறங்கட்டே?”

இப்படிக் கேட்டு வந்த ஒருவனைப் பள்ளிக்கூட விறாந்தைக்குக் கூட்டிப்போனேன். நல்ல இடதுகால் ஆட்டக்காரன், பத்தொன்பது வயது. சீமெந்துத் தரையில் சோக்கால் ஒரு கோடு போட்டு, ஒற்றைக் காலில் பாய்ந்து அதே காலில் விழுந்து அசையாமல் நிற்கச் சொன்னேன். நல்ல காலில் 160 சென்ரிமீற்றர் பாய்ந்தான். சத்திரசிகிச்சை செய்த காலில் 115. விழும்போது அந்த முழங்கால் உட்பக்கம் சரிந்ததை அவனே குனிந்து பார்த்தான். தையல்காரரின் நாடாவை எடுத்து இரண்டு தொடையையும் அளந்தோம், ஒன்று மற்றதைவிட மெலிந்திருந்தது. ஒரு கால் மற்றக் காலின் பலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாமல் வந்த பிறகுதான் ஆட்டம் என்பது இன்று உலகம் முழுக்கப் பிசியோமார் பார்க்கும் ஒரு கணக்கு. இவன் எழுபத்திரண்டில் நின்றான். “இன்னும் நாலு மாசம் பொறடா தம்பி” என்றேன். தலையாட்டினான்.

அந்தத் தொடரின் இறுதி ஆட்டத்தில் அவனை இறக்கினார்கள். கழகத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்களும் அவனில் பாசம் உள்ளவர்கள்தான். இரண்டாம் பாதியில், எவரும் பக்கத்தில் இல்லாத இடத்தில், அதே முழங்கால். இம்முறை மெனிஸ்கசும் சேர்ந்து கிழிந்தது. இப்போது அவனுக்குப் பந்தும் இல்லை, தகப்பனோடு படகில் காலூன்றி நிற்கவும் முடியாது. அவனுடைய தகப்பன் என்னிடம், “மாஸ்ரர், பந்தை விடுங்கோ, இவன் தொழிலுக்கு வருவானோ?” என்று கேட்டார்.

நோர்வேயிலும் அமெரிக்காவிலும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2016இல் வந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிவைக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயப்படும் வீதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று அது சொன்னது. 25 வயதுக்கு உட்பட்டவர்கள் மீண்டும் விளையாட்டுக்குப் போனால், ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்தக் காலிலோ மற்றக் காலிலோ சவ்வு திரும்ப அறுகிறது என்பது வேறு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களின் கணக்கு. நாலில் ஒன்று சின்ன எண்ணிக்கை இல்லை. எங்கள் ஏழுபேர் அணியில் அப்படித் திரும்பி வந்த நாலு பேர் இருந்தால், ஒருவன் மறுபடி கட்டிலில் கிடப்பான்.

2000ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரேசிலின் ரொனால்டோ, சிரட்டைக்குக் கீழுள்ள தசைநார்க் காயத்துக்கு வைத்தியம் செய்து, ஐந்து மாதம் அளவில் இன்டர் மிலானுக்காக லாசியோவுடன் இறங்கினார். ஏழு நிமிடம் போல் ஆடியிருப்பார். பந்தோடு ஒரு அடி எடுத்து வைத்ததும் விழுந்தார், தசைநார் முழுதாக அறுந்திருந்தது. அவருடையது வேறு நார் என்றாலும் விதி ஒன்றுதான். பிறகு அவர் நீண்ட காலம் காத்திருந்தார். 2002 உலகக் கிண்ணத்தில் எட்டுக் கோல்கள் அடித்துக் கிண்ணத்தைத் தூக்கினார். போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்த வருடம் அது. ஜெனரேற்றரில் ஓடிய ஒரு தொலைக்காட்சிக்கு முன்னால் ஊரே இருந்து அந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்தோம். எட்டுக் கோலையும் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள், அதற்கு முன் அவர் ஆடாமல் இருந்த காலத்தை எவரும் பேசுவதில்லை.

எங்களுக்குக் கிட்டிய உதாரணம் மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்ப் பிள்ளை. எங்கள் கரைகளைப் போலவே, மணலில் பந்து உதைத்து வளர்கிற பிள்ளைகள் நிறைந்த கரை அது. 2020 நவம்பர் 20 அன்று இந்தியாவின் ஐ.எஸ்.எல். உதைபந்தாட்டப் பருவத்தின் முதல் ஆட்டத்தில், கேரளா பிளாஸ்டர்சுக்கு எதிராக மோகன் பகானுக்கு ஆடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே முழங்காலில் காயப்பட்டு வெளியேறினார். அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை. இந்திய அணியின் பின்கள வீரர் சந்தேஷ் ஜிங்கனும் அப்படித்தான். 2019 ஒக்டோபரில் முழங்கால் சவ்வு அறுந்ததும் ஒரு முழுப் பருவத்தை விட்டுவிட்டு, அடுத்த பருவத்தில் மீண்டும் வந்து நின்றார். லிவர்பூலின் வான் டைக் 2020 ஒக்டோபரில் விழுந்தவர், ஐரோப்பியக் கிண்ணத்தையே விட்டார், ஒன்பது மாதம் தாண்டித்தான் பூட்சைக் கட்டினார். நெய்மாருக்கு ஒரு வருடம். உலகத்தில் வாங்கக்கூடிய அத்தனை வைத்தியமும் பக்கத்தில் இருந்தவர்களுக்கே அவ்வளவு காலம் தேவைப்பட்டதென்றால், ஊர்காவற்றுறைப் பெடியனுக்கு ஐந்து மாதம் போதும் என்று எந்தக் கணக்கில் முடிவு செய்கிறோம்?

அவர்களுக்கும் எங்கள் பெடியனுக்கும் காலில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வீட்டுச் செலவில் இருக்கிறது. காயப்பட்டாலும் அவர்களுக்குச் சம்பளம் வருகிறது. இங்கே, நண்டு வலைக்குப் போகிறவன் மூன்று மாதம் வீட்டில் இருந்தால் வலைக்கு வாங்கிய கடன் தலைக்கு மேல் நிற்கும். பரவைக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் சேற்றுக்குள் கால் புதையப் புதைய நடப்பதும், கடலட்டைப் பண்ணையில் அப்படி நடப்பதும், ஆடுகிற படகில் நின்று வலை இழுப்பதும் முழங்காலுக்கு ஆட்டத்தைவிட லேசான வேலை இல்லை. புதைந்த காலை முறுக்கித்தான் வெளியே எடுக்கவேண்டும். எப்போது பந்து ஆடலாம் என்பதைப் பற்றியாவது அவனிடம் நாலு பேர் பேசுவார்கள், எப்போது கடலில் இறங்கலாம் என்று சொல்ல ஆளில்லை. வைத்தியரிடம் போகும்போது தன்னுடைய தொழில் என்ன, அதில் கால் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பெடியன் தானாகவே சொல்லவேண்டும். நடக்கத் தொடங்கிய பிறகு கரையில் அவனுக்குக் கொஞ்சம் வேலை கொடுக்கலாம். வலை பொத்தலாம், வலையிலிருந்து நண்டு கழற்றலாம். அதற்கும் குந்தியிருக்க விடாமல் ஒரு கதிரை போட்டுக் கொடுக்கவேண்டும்.

பிசியோவிடம் போவதும் லேசில்லை. சுருவிலிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, பண்ணைப் பாலம் தாண்டிப் பஸ்சில் போய்வர அரைநாள் போய்விடும். அரசாங்க ஆஸ்பத்திரியில் பிசியோ வைத்தியம் இலவசம்தான், பஸ்சும் போன நாளின் கூலியும் இலவசமில்லை. அதனால் முதல் இரண்டு மூன்று தடவை போவான், பிறகு நின்றுவிடுவான். ஊரவர் சங்கங்களுக்கு நான் கேட்பது இதைத்தான்: சத்திரசிகிச்சைக்கு அனுப்பும் காசில் ஒரு பங்கை ஒன்பது மாதத்துக்குப் பிரித்து, மாதாமாதம் அனுப்புங்கள். பஸ் காசும், வீட்டுச் செலவில் கொஞ்சமும், ஒரு பிசியோ வாரத்தில் ஒரு பின்னேரம் தீவுக்கு வந்துபோகும் எரிபொருள் செலவும் அதில் அடங்கட்டும். நாலு கழகம் சேர்ந்தால் ஒரு பிசியோவை வரவழைக்கலாம்.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பிள்ளைகள் தேசிய மட்டத்தில் கிண்ணம் வென்று காட்டிய பிறகு, வடக்கில் பெண்கள் உதைபந்தாட்டம் வளர்ந்திருக்கிறது. இந்தச் சவ்வு அறும் ஆபத்து பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்று ஆய்வுகள் சொல்கின்றன. உலகின் சிறந்த வீராங்கனை என்று விருது வாங்கிய ஸ்பெயினின் அலெக்சியா புத்தெயாசுக்கு 2022இல் ஐரோப்பியக் கிண்ணம் தொடங்குவதற்கு முதல் நாள் அறுந்தது. அடுத்த வருடம் உலகக் கிண்ணம் வென்ற அணியில் அவரும் இருந்தார். இங்கே ஒரு பெண்பிள்ளைக்கு முழங்கால் போனால் வீட்டில் பந்தையே நிறுத்திவிடுகிறார்கள். பெடியனை அவசரப்பட்டு இறக்குகிற அதே ஊர், பிள்ளையை ஒரேயடியாக வீட்டில் இருத்துகிறது.

காயம் வராமல் தடுப்பதற்குக் காசே தேவையில்லை. பீபா வெளியிட்ட ‘11+’ என்ற தயார்ப் பயிற்சி இருபது நிமிடம்தான். மெதுவான ஓட்டம், ஒற்றைக் காலில் சமநிலை, பாய்ந்து மெதுவாக முழங்காலை மடக்கி இறங்குவது, பின்தொடையைப் பலப்படுத்துவது என்று போகும். நோர்வேயில் பெண்பிள்ளைகளிடம் செய்து பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. எங்கள் பெடியள் வந்ததும் கோலுக்குப் பந்து அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பயிற்றுநர்மார் அந்த இருபது நிமிடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆட்டத்துக்கு முதல் நாள் கழகத்தார் மண்வெட்டியோடு போய் மாட்டுத் தடங்களை நிரவினால் அதுவும் ஒரு வைத்தியம்.

தொடர் நடத்துகிற கழகங்களிடம் ஒரு வேண்டுகோள். கடந்த ஒரு வருடத்துக்குள் முழங்கால் சத்திரசிகிச்சை செய்த வீரரின் பெயரைக் கொடுப்பதானால், அவர் ஆடலாம் என்று வைத்தியரோ பிசியோவோ கையெழுத்திட்ட கடிதம் இணைக்கவேண்டும் என ஒரு வரியைப் பதிவுப் படிவத்தில் சேருங்கள். கடிதம் இல்லாதவன் அணிப் பட்டியலில் இருக்கட்டும், சீருடை போட்டுக் கதிரையில் இருக்கட்டும், பரிசில் பங்கும் வாங்கட்டும். கோட்டுக்கு உள்ளே மட்டும் விடாதீர்கள். அடுத்த திருவிழாத் தொடர்களுக்கான படிவங்கள் இனித்தான் அச்சுக்குப் போகும். சேர்ப்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.