பேரைக் கேட்டால் போதுமா? தட்டிக் கேட்க வேண்டாமா?



போன மாசம் எங்க வகுப்பிலே ஒரு பெரிய சண்டை நடந்தது. சினிமாவுக்காகவும் இல்லை, கிரிக்கெட்டுக்காகவும் இல்லை. ஒரு மண்குடத்துக்காக! சிரிக்காதீங்க. முழுசும் படிச்சிட்டு அப்புறம் சிரிங்க.

கலைத் திருவிழாவுக்கு நாங்க ஒன்பது பேர் சேர்ந்து வில்லுப்பாட்டு படிக்கிறோம். அதில் நான் குடம் அடிக்கிறவ. நம்ம ஊர்க் கோயில் கொடையில் எல்லாரும் பார்த்திருப்பீங்க. புரிமணை மேலே குடத்தை வைத்து, அதன் கழுத்தோடு வில்லைச் சேர்த்துக் கட்டியிருப்பாங்க. புலவர் வீசுகோலால் வில்லை அடிக்க, உடுக்கையும் தாளமும் கட்டையும் கூட வரும். குடக்காரர் கமுகம்பாளையில் வெட்டின விசிறி மாதிரி ஒரு பட்டையால் குடத்தின் வாயில் அடிப்பார். 'கும் கும்' என்று நெஞ்சுக்குள்ளே இறங்கும். அந்தச் சத்தம் இல்லையென்றால் வில்லு வெறும் மணிச்சத்தம்தான்.

எங்க பழைய குடம் ஒரு நாள் திண்ணையிலிருந்து உருண்டு உடைஞ்சு போச்சு. புதுசு வாங்கணும். எங்கே வாங்குவது? அங்கேதான் சண்டை ஆரம்பம்.

நான் சொன்னேன், "வாங்கினா மானாமதுரைக் குடம்தான் வாங்கணும். பெரிய பெரிய வித்வான் எல்லாம் அதைத்தான் வாசிக்கிறாங்க." எங்க குழுவில் தாளம் போடுகிற பிள்ளை சொன்னாள், "எங்க பாட்டா குடம் செய்வாவ. அவியகிட்ட சொன்னா நமக்குத் தக்கன செஞ்சு தருவாவ." அதுக்கு நான் எல்லார் முன்னாலும், "உங்க பாட்டா குடத்துக்குப் பேரு உண்டா? யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் வாடிப் போச்சு. நான் ஜெயிச்ச மாதிரி சிரிச்சேன்.

முதலில் மானாமதுரையைப் பற்றிச் சொல்கிறேன். ஏனென்றால் அந்தப் பேர் சும்மா வந்த பேர் இல்லை. சிவகங்கை மாவட்டத்தில் வைகைக் கரையில் இருக்கிற ஊர் அது. கச்சேரியில் மிருதங்கத்தோடு வாசிக்கிற கடம் அங்கே தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். சக்கரத்தில் வனைந்த பிறகு, உள்ளே உருண்டைக்கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரக்கட்டையால் ஆயிரக்கணக்கான தடவை தட்டித் தட்டித்தான் கடத்தைக் கெட்டியாக்குகிறார்கள். அதன் பிறகு காய வைத்துச் சூளையில் சுடுகிறார்கள். அப்படித் தட்டித் தட்டியே பேர் வாங்கின மீனாட்சி அம்மாவுக்கு 2014-இல் ஜனாதிபதி கையால் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. 2023-இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே வருஷம் நம்ம கன்னியாகுமரி மட்டிப் பழத்துக்கும் கிடைத்ததே, அதே குறியீடுதான்.

இவ்வளவு பேர் இருந்தும் கடம் வாசிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொல்வதில்லை. இதுதான் எனக்கு ஆச்சரியம்! ஒரு கூட்டம், "மானாமதுரைக் கடத்துக்கு ஈடே கிடையாது, வெண்கலத்தைத் தட்டின மாதிரி கணீரென்று கேட்கும், விரல் வேகமாகப் போனாலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும்" என்கிறது. இன்னொரு கூட்டம், "அது ரொம்பக் கனம், சுவர் தடிப்பு, ஓங்கி அடித்தால்தான் பேசும், விரல் நோகும். சென்னையில் செய்கிற கடம் லேசு, மெதுவாகத் தொட்டாலே போதும்" என்கிறது. மானாமதுரைக் கடம் எட்டு கிலோ வரைக்கும் இருக்குமாம். மடியில் வைத்து ஒன்றரை மணி நேரம் வாசிக்கணும் என்று நினைத்துப் பாருங்க!

இதில் யார் சொல்வது பொய்? யோசித்துப் பார்த்தால் இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். பெரிய மேடையில் கணீரென்று கேட்கணும் என்கிறவருக்கு அது நல்லது. மெல்லிய விரலால் நயமாக வாசிக்கிறவருக்கு இது நல்லது. கடம் நல்லதா கெட்டதா என்பது பாதிக் கேள்வி. யார் கைக்கு, எந்த வேலைக்கு என்பது மீதிக் கேள்வி. பேர் அந்த மீதிக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

இன்னொரு விஷயமும் உண்டு. மிருதங்கத்தை வாரை இறுக்கிச் சுருதி சேர்க்கலாம். கடத்தை அப்படி இறுக்க முடியாது. சூளையிலிருந்து வரும்போது என்ன சுருதியோ அதுதான் அதன் சுருதி. ஒரே ஆள், ஒரே மண்ணில், ஒரே நாளில் செய்த பத்துக் கடத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் போடும். நம்ம சுசீந்திரம் கோயில் இசைத்தூணைப் போய்ப் பாருங்க. ஒரே கல்லில் செதுக்கின தூண்கள்தான். ஒவ்வொன்றும் வேற சத்தம். அதனால்தான் வித்வான்கள் ஒரு கடத்தோடு நிற்காமல் வேற வேற சுருதிக்கு நாலைந்து வைத்திருக்கிறார்கள். அவர்களே ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். நான் தட்டாமலே எடுத்தேன். அதைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

அதுக்கு முன்னாலே, இந்தச் சண்டை குடத்துக்கு மட்டும் என்று நினைக்காதீங்க. பக்கத்து வீட்டு அண்ணன் சர்ச்சில் கிட்டார் வாசிப்பாவ. கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவிலே காலால் மிதிக்கிற ஒரு சின்னப் பெட்டி உண்டு. பெடல் என்று பேர். மிதித்தால் கிட்டார் சத்தம் கரகரப்பாகும், இல்லையென்றால் எதிரொலிக்கும். ஜப்பானின் பாஸ் கம்பெனி 1977-லிருந்து அந்த மாதிரிச் சின்னப் பெட்டிகளை விற்கிறது. இரும்புப் பெட்டி மாதிரி உறுதி என்று பேர். 1989-இல் ஜெர்மனியில் ஆரம்பித்த பெரிங்கர் என்ற கம்பெனி அதே சாயலில் பிளாஸ்டிக் பெட்டியில் மலிவாகக் கொண்டுவந்தது. 2005-இல் பாஸின் தாய்க் கம்பெனியான ரோலண்ட் அதை எதிர்த்துச் சட்டப்படி இறங்கியது. பெரிங்கர் உருவத்தை மாற்றினது. 2006-இல் சமாதானம் ஆச்சு.

இன்னைக்கும் கிட்டார்க்காரர்கள் இரண்டு கட்சிதான் என்று அண்ணன் சொன்னாவ. "காப்பி அடிச்சவன் சாமானைத் தொடமாட்டேன், மிதிச்சா உடையும்" என்று ஒரு கட்சி. "கையில காசில்லாத பையன் இதை வச்சுதான் படிக்க முடியும், சத்தமும் கொள்ளாம்" என்று ஒரு கட்சி. நான் கேட்டேன், "அண்ணா, நீங்க எந்தக் கட்சி?" அண்ணன் சொன்னது, "கண்ணை மூடிட்டு கேளு. அப்புறம் விலையைக் கேளு. கடைசியா பேரைக் கேளு." காப்பி அடிப்பது சரி என்று நான் சொல்லவில்லை. பரீட்சையிலும் சரியில்லை, வியாபாரத்திலும் சரியில்லை. ஆனால் அது வேற வழக்கு. சத்தம் வேற வழக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

சரி, எங்க கதைக்கு வருவோம். ஆளுக்கு 60 ரூபாய் போட்டு 540 ரூபாய் சேர்த்தோம். தமிழ் டீச்சர் 200 ரூபாய் தந்தாங்க. ஒரு பிள்ளை நோட்டு வாங்க வைத்திருந்த காசைத் தந்தாள். டவுனில் ஒரு கடையில் 'மானாமதுரை' என்று சீட்டு ஒட்டின ஒரு குடம் இருந்தது. 700 ரூபாய். நான் சீட்டைப் பார்த்தேன், குடத்தைத் தட்டிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் பிள்ளையை வைத்த மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

மறுநாள் வில்லில் கட்டி அடித்தால் 'பொத்து பொத்து' என்று தலையணையை அடித்த மாதிரி சத்தம். அது உண்மையாகவே மானாமதுரையிலிருந்து வந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. சீட்டை யார் வேண்டுமானாலும் ஒட்டலாமே! சந்தையில் எல்லாச் சின்னப் பழத்தையும் மட்டி என்று விற்கவில்லையா? எங்களுக்கு வில்லுப்பாட்டுச் சொல்லித் தருகிற ஆசான் வந்து பார்த்தாவ. சிரிக்கவில்லை. "பிள்ளே, நல்ல மானாமதுரைக் கடமே கிடைச்சாலும் அது மடியில வச்சு விரலால வாசிக்கிறதுக்குச் செஞ்சது. நமக்கு வேண்டியது பாளை அடிக்க வாய் அகலமும், வில்லு நிக்கக் கழுத்தும். எதுக்குண்ணு கேக்காம வாங்கலாமா?" என்றாவ. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொல்வாள். நான் கூடத்தையே பார்க்காமல் வாங்கினவள்.

கடைசியில் எங்கே போனோம் தெரியுமா? தாளம் போடுகிற பிள்ளையின் பாட்டாவிடம்தான். நான் வாசலிலே நின்றேன். பாட்டா ஒன்றும் கேட்கவில்லை. "உள்ள வா மக்களே, கையைக் காட்டு" என்றாவ. என் கையைப் பார்த்தாவ, பாளைப் பட்டையை வாங்கிப் பார்த்தாவ. இரண்டு வாரம் கழித்து மூன்று குடம் செய்து வைத்திருந்தாவ. "மூணையும் அடிச்சுப் பாரு. உனக்கு எது பேசுகோ அதை எடு" என்றாவ. முதல் குடம் சுமார். மூன்றாவதில் மெல்லிசாக ஒரு கீறல், தட்டினால் சலசலத்தது. பாட்டாவே அதைத் தள்ளி வைத்தாவ. இரண்டாவதை அடித்தேன். 'கும்ம்' என்றது. தாளக்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

எனது கருத்து இதுதான். பேரை மதிக்கணும். ஏனென்றால் ஒரு பேருக்குப் பின்னாலே எத்தனையோ கைகள் வலித்திருக்கும். பொய்ச் சீட்டு ஒட்டினால் நஷ்டம் நமக்கு மட்டும் இல்லை, அந்த ஊர்க் கைகளுக்கும்தான். ஆனால் பேர் இல்லாத கையை இளக்காரம் பண்ணக் கூடாது. எந்தப் பேரும் முதல் நாள் பேர் இல்லாமல்தான் இருந்திருக்கும். யாராவது ஒரு சாமானைப் பற்றி 'மட்டம்' என்றோ 'பிரமாதம்' என்றோ சொன்னால், "எதை வைத்துச் சொல்கிறீங்க? நீங்க அடிச்சுப் பார்த்தீங்களா? எதுக்கு அடிச்சீங்க?" என்று கேளுங்க. பதில் சொன்னால் நம்புங்க. பேரை மட்டும் திரும்பச் சொன்னால் விடுங்க.

பெண்பிள்ளை குடம் அடிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். விக்கு விநாயக்ராம் என்ற கடம் வித்வானிடமும் அவர் அப்பா ஹரிஹர சர்மாவிடமும் படித்த சுகன்யா ராம்கோபால் அம்மா, பல கடங்களைச் சுற்றி வைத்து ராகமே வாசிப்பாங்க. பெண் கடம் வாசிக்கிற பேரே இல்லாத காலத்தில் ஆரம்பித்தவங்க. அங்கேயும் காதால் கேட்டவர்கள்தான் ஒத்துக்கிட்டாங்க.

அந்த 700 ரூபாய்க் குடத்தில் இப்போ துளசி வைத்திருக்கிறோம். தலைமையாசிரியர் அறைக்கு முன்னாலே பார்க்கலாம். நோட்டுக் காசு தந்த பிள்ளைக்கு என் சேமிப்பிலிருந்து 60 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டேன். போட்டிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. ஜெயிப்போமா தெரியாது. ஆனால் எல்லார் முன்னாலும் கேட்ட கேள்விக்கு எல்லார் முன்னாலும்தான் பதில் சொல்லணும். அதுக்காகவே இதை எழுதினேன்.

"உங்க பாட்டா குடத்துக்குப் பேரு உண்டா?" என்று கேட்டேன். உண்டு தோழி. நீ மன்னிச்சுக்கோ.

தட்டிக் கேட்போம்! கேட்டு வாங்குவோம்!

இப்படிக்கு,
குடம் அடிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி,
கொட்டாரம்.